மேட்டுக்கு அந்தப் பக்கம்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் படக்கா. வரைபடப் பிரிவில் சேர்ந்த புதிதில் அங்கிருந்தவர்களில் அவள்தான் வயதில் மூத்தவள். ‘வரைபட அக்கா’ என்று ஆரம்பித்தார்கள். அத்தனை நீளத்தை நாள் முழுக்க யார் கூப்பிடுவது, ‘படக்கா’ என்று சுருங்கிவிட்டது. தெருவில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் “படம் வரையற வேலை” என்பாள். அதைச் சுவரில் மாட்டுகிற படம் என்று எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மயில் வரைந்து தரச் சொல்லி அட்டையும் கையுமாக வந்து நிற்பார்கள். அவளுக்கு மயிலும் வராது, குயிலும் வராது. வந்ததெல்லாம் கோடுதான்.

வானத்திலிருந்து எடுத்த ஊரின் படம் திரையில் இருக்கும். அதன்மேல் சாலைக்கு ஒரு கோடு, கூரைக்கு ஒரு கட்டம், குளத்துக்கு ஒரு வளையம் என்று வரைந்துகொண்டே போக வேண்டும். வருடக்கணக்கில் அதைச் செய்தாள். வண்டிக்காரர்கள் போனில் வழி பார்த்துப் போகிற தெருக்களில் பாதி அவள் கைபட்டவை. அதற்காக யாரும் மாலை போடவில்லை. தெரு தப்பாக இருந்தால் மட்டும் ‘எந்த மடையன் வரைஞ்சான்’ என்று திட்டுவார்கள். மடையன் என்றுதானே திட்டுகிறார்கள், நம்மை இல்லை என்று மனதைத் தேற்றிக்கொள்வாள்.

பிறகு ‘அது’ வந்தது. தானே படத்தைப் பார்த்துத் தானே கோடு போடுகிற ஏற்பாடு. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஆனால் பிடிக்காத மருமகளைச் சொல்கிற மாதிரி எல்லோரும் ‘அது’ என்றே சொன்னார்கள். ஒரு கூட்டமே மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைவதை, இவர்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது வரைந்து வைத்திருந்தது. அதன் பிறகு படக்காவின் வேலை, அது வரைந்ததைப் பார்த்து ‘சரி’ அல்லது ‘தப்பு’ என்று அழுத்துவது. தப்பென்றால் திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்தைப் பார்த்து அது கற்றுக்கொள்ளும். தன் இடத்துக்கு வரப்போகிறவனுக்குத் தானே பாடம் சொல்லிக்கொடுத்து, அவன் தேறியதும் எழுந்து போவதற்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தாள். இது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன செய்வது? காலையில் எழுந்து டிபன் கட்டிக்கொண்டு போனாள்.

வரைந்துகொண்டிருந்த காலத்தில் சாயங்காலம் கை வலிக்கும். இப்போது என்ன வலிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. ஊரையே மேலிருந்து பார்க்கிற அந்த அறையின் ஜன்னல்களுக்கு எப்போதும் திரை போட்டிருக்கும். வெளிச்சம் பட்டால் கம்ப்யூட்டர் திரை தெரியாதாம். ஏசி சொட்டுகிற இடத்தில் ஒரு வாளி. ஆள் குறையக் குறையக் காலி நாற்காலிகளைச் சுவர் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். கல்யாணம் முடிந்த மண்டபம் போல இருந்தது அந்த இடம்.

பிரிவின் தலைவர் அவளைவிடச் சின்னவர். எதைக் கேட்டாலும் ‘நாளைக்குள்ள’ முடிக்கச் சொல்வதால் அவருக்கு ‘நாளைக்குள்ள சார்’ என்று பெயர். கெட்டவர் இல்லை. அவர் தலைமேல் உட்கார்ந்திருப்பவர்கள் இன்றைக்குள் கேட்பார்கள். அவர் ஒரு நாள் சேர்த்து இவர்களுக்குச் சொல்கிறார், அவ்வளவுதான்.

அந்த வருடம் வெள்ளப் படம் போடுகிற வேலை வந்தது. பெருமழை பெய்தால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று முன்கூட்டியே காட்டுகிற படம். தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் நீலம். ஆழம் கூடக் கூட நீலமும் கறுக்கும். நீலத் தெருக்காரர்களுக்கு மழைக்கு முன்பே போனில் எச்சரிக்கை போகும், அவர்களை ஏற்றிக்கொள்ள வண்டி வரும். அது நல்லது. ஆனால் நீலத் தெருவில் புதிதாக ஒரு செங்கல்கூட வைக்க அனுமதி கிடையாது. அதுதான் வில்லங்கம்.

தண்ணீர் எங்கே ஓடும் என்று கண்டுபிடிக்கத் தரையின் மேடு பள்ளம் தெரிய வேண்டும். அதற்காக விமானம் ஒன்று ஊருக்கு மேலே பறந்து, தரையில் ஒளியை அடித்து அடித்து உயரத்தை அளந்துகொண்டு போயிருந்தது. மேலிருந்து அளப்பதில் ஒரு கோளாறு உண்டு. மேட்டின் உச்சி தெரியும். மேட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகிற நெடுஞ்சாலை ஒரு நீள மேட்டின்மேல் போகிறது. அந்த மேட்டுக்கடியில் அங்கங்கே தண்ணீர் போவதற்கு மதகுகள் இருக்கின்றன. விமானத்துக்கு அது எதுவும் தெரியாது. அதைப் பொறுத்தவரை மேடு ஓர் அணைக்கட்டு. படத்தில் தண்ணீர் மேட்டுக்கு இந்தப் பக்கமே தேங்கி நிற்கும், அந்தப் பக்கம் எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கும்.

அதைச் சரிசெய்ய, மதகு இருக்கும் இடத்தில் மேட்டைப் படத்திலேயே ஓரிடத்தில் அறுத்துவிட வேண்டும். ‘வெட்டு போடறது’ என்பார்கள். வெட்டு போட்டால் தண்ணீர் புகுந்து போகும். மதகு வாயைப் பார்த்துத் தானே வெட்டு போடவும் ‘அது’ கற்றுக்கொண்டிருந்தது. பெரும்பாலும் சரியாகவே போட்டது. ஓரிடத்தில் மட்டும் போடவில்லை.

அந்த இடத்தைப் படக்கா திரையில் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அது அவள் அண்ணன் வீட்டுக்குப் போகிற வழி.

மேட்டுக்கு இந்தப் பக்கம் அவள் வீடு. அந்தப் பக்கம் அண்ணன் வீடு. பஸ்ஸில் போனால் ஊரைச் சுற்ற வேண்டும் என்று, மேட்டில் ஏறி லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடந்து மறுபக்கம் இறங்கிவிடுவாள். இறங்குகிற இடத்தில் புதர். புதருக்குள் மதகின் வாய். ஒரு தடவை செருப்பு வழுக்கி அதன் வாசலிலேயே போய் உட்கார்ந்து, சேலை முழுக்கச் சேறோடு அண்ணன் வீட்டில் போய் நின்றபோது அண்ணிக்குச் சிரித்து மாளவில்லை. இலைக்கு அடியில் இருப்பது மேலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. விழுந்தவளுக்குத் தெரியும்.

வெட்டு இல்லாத படத்தில் அவளுடைய தெரு கருநீலமாக இருந்தது, இடுப்பளவு. அண்ணனின் தெருவில் ஒரு சொட்டு இல்லை.

அண்ணன் கொத்தனார். ஊரில் எத்தனையோ பேருக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, தனக்கென்று ஒரு வீட்டை லீவு நாட்களில் ஒவ்வொரு சுவராக எழுப்பினான். கீழ்வீடு முடிந்துவிட்டது. மாடி எழுப்ப மொட்டை மாடியில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தன. மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாடியில் ஓர் அறை போட்டால் சின்னஞ்சிறுசுகள் இருந்துகொள்ளும் என்று அண்ணி போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வெட்டு விழுந்தால் அந்தத் தெரு நீலமாகும். நீலமானால் மாடி இல்லை.

அன்றைக்கு அவள் வெட்டு போடவில்லை. அடுத்த நாளும் போடவில்லை. பேசாமல் ‘சரி’ என்று அழுத்திவிட்டு அடுத்த இடத்துக்குப் போனால் யாருக்கும் தெரியாது. அதுவே கண்டுபிடிக்காததை இவள் கண்டுபிடிக்கவில்லை என்று யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் ஒரு நாள் உண்மையிலேயே மழை கொட்டி, அந்தத் தெருவில் யாருக்கும் எச்சரிக்கை போகாமல், எல்லோரும் நன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்கும்போது மதகு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தால்? அண்ணன் வீட்டில் கட்டில்கள் எல்லாம் கீழ்வீட்டில்தான் இருக்கின்றன.

கடைசியில் நாளைக்குள்ள சாரிடம் போனாள்.

“சார், இங்க ஒரு மதகு இருக்கு. புதர் மூடியிருக்கு. நான் பார்த்திருக்கேன்.”

“பார்த்திருக்கீங்கன்னா போட்டுடுங்கக்கா. இதுக்கா எழுந்து வந்தீங்க?”

“இந்தப் பக்கம் என் வீடு. அந்தப் பக்கம் எங்க அண்ணன் வீடு. வெட்டு போட்டா எங்க தெருத் தண்ணி குறையும், அவங்க தெருவுக்குப் போகும். நாளைக்கு யாராவது ஒண்ணு கிடக்க ஒண்ணு சொன்னா?”

அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் அன்றைக்கு ஒன்றும் சரியில்லை போலிருந்தது.

“அக்கா, இந்த ஊர்ல இருக்கற எல்லாருக்கும் ஏதோ ஒரு பக்கம் வீடு இருக்கும். மதகு இருக்கா இல்லையா? அதைச் சொல்லுங்க.”

“இருக்கு.”

“அப்ப போடுங்க. நாளைக்குள்ள.”

போட்டாள். மறுபடி கணக்குப் போட்டு நீலம் பரவி முடிய மத்தியானச் சாப்பாட்டு நேரம் பிடித்தது. டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தாள். அவள் தெருவில் கருநீலம் வெளிறி வெளிறி, கடைசியில் மேட்டடிக் காலி மனையில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அண்ணனின் தெருவில் நீலம் வாசல் வாசலாக ஏறியது. முதலில் அவளுக்கு வந்தது நிம்மதி. அப்பாடா, நம் வீடு தப்பித்தது என்றுதான் தோன்றியது. அது தோன்றிய வேகத்தில் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. டப்பாவை மூடி வைத்தாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேச்சே வேண்டாம் என்று ஆகிவிடும்.

“நம்ம தெரு தப்பிச்சுதா இல்லையா?”

“தப்பிச்சது.”

“அப்ப விடேன். உங்க அண்ணன்கிட்ட இதையெல்லாம் போய் விளக்கிக்கிட்டு நிக்காத. வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிட்ட கதை ஆயிடும்.”

படம் எல்லோரும் போனில் பார்க்கிற மாதிரி வெளியானது. அண்ணன் தெருவில் வீடு மனை தரகர் ஒருவர் இருக்கிறார். ஊர் வம்பு எதுவும் அவரைத் தாண்டித்தான் போகும். அவர் படத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கி, வீடு வீடாகக் காட்டிவிட்டார். அந்த வாரமே அண்ணன் வந்தான். செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றான்.

“ஏம்மா, எங்க தெரு எப்படி நீலமாச்சு?”

“உள்ள வாண்ணா. உக்காரு.”

“உக்கார வரல. நாங்க அங்க குடிபோனதுல இருந்து வாசப்படிய ஒரு மழை தொட்டது கிடையாது. உங்க ஆபீஸ் நேத்து வந்து நீலம்னா நீலமா?”

“இதுவரைக்கும் பெய்யாத மழைக்குப் போட்ட படம்ணா அது.”

“பெய்யாத மழைக்கு நான் எதுக்கு மாடிய விடணும்? சரி, வெள்ளம் வரும்னே வச்சுக்குவோம். வெள்ளம் வர்ற இடத்துலதானே மாடி வேணும்? இந்தச் சட்டத்தப் போட்ட புண்ணியவான் எங்க இருக்கான், சொல்லு, நான் போய்க் கேக்கறேன்.”

அது நியாயமான கேள்வி. அலுவலகத்திலேயே யாருக்கும் பதில் தெரியாத கேள்வி. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் வாங்கவில்லை.

“நீ அங்கதானே வேலை பார்க்கற. உன் கண்ணுல படாம போயிருக்குமா?”

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் சொல்லவும் தெம்பில்லை. “நான்தான் போட்டேன்” என்றாள். மேடு, விமானம், மதகு எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். அந்த மதகு வழியாகத்தான் தண்ணீர் அந்தத் தெருவுக்கு வரும், மதகு இல்லையென்றால் வராது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வெட்டு விழுவதற்கு முன் தன் தெரு இடுப்பளவு நீலத்தில் இருந்ததையும், வெட்டு விழுந்ததும் அது வற்றிப்போனதையும் சொல்லவில்லை. சொன்னால், ‘ஓகோ, உன் வீட்டைக் கழுவி என் வாசல்ல ஊத்தினியா’ என்று அவன் கேட்பான். அந்தக் கேள்வியைத் தாங்க அவளால் முடியாது. ஏனென்றால் அதையே அவள் தன்னைப் பல தடவை கேட்டிருந்தாள்.

“சரி,” என்றான் அண்ணன். “கூடப் பொறந்தவ ஒருத்தி ஆபீஸ்ல இருக்கா, நமக்கு ஒண்ணுன்னா பார்த்துக்குவான்னு பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நல்லாப் பார்த்துக்கிட்ட.”

போய்விட்டான். மகனின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. அண்ணி மட்டும் வந்து கொடுத்தாள், அவளும் உட்காரவில்லை. கல்யாணத்தில் படக்கா ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாப்பிட்டு வந்தாள். அண்ணன் பந்தியில் எல்லோரையும் விசாரித்துக்கொண்டே வந்தவன், அவள் வரிசைக்கு வந்ததும் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று உள்ளே போய்விட்டான். அதன் பிறகு போக்குவரத்து நின்றது. மேட்டைத் தாண்டுகிற வேலை அவளுக்கு மிச்சமானது.

மாதங்கள் போயின. அலுவலகத்தில் இன்னும் சில நாற்காலிகள் சுவர் ஓரத்துக்குப் போயின. ஒரு நாள் நாளைக்குள்ள சார் மிச்சமிருந்தவர்களைக் கூட்டி வைத்து, இனிமேல் படம் எப்படி இருக்கும் என்று சொன்னார். வானத்திலிருந்து தினமும் படம் வரும். நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் ஒப்பிட்டு, மாறினதை எல்லாம் அதுவே மாற்றிக்கொள்ளும். காலையில் ஒரு சுவர் விழுந்தால் சாயங்காலம் படத்தில் அந்தச் சுவர் இருக்காது. மழை பெய்யும்போதே நீலம் நகரும். ஊருக்கு ஓர் இரட்டைப் பிள்ளை மாதிரி இன்னோர் ஊர் கம்ப்யூட்டருக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

“அப்ப நாங்க எதுக்கு சார்?” என்று கேட்டாள் படக்கா.

“அதுக்குப் புரியாததைக் கேள்வியா அனுப்பும்க்கா. நேர்ல போய்ப் பார்த்துச் சொல்லணும். உக்காந்து பார்க்கறதுக்கு இனிமே ஆள் வேண்டாம். போய்ப் பார்க்கறதுக்குத்தான் வேணும்.”

கண் நன்றாக இருக்கிறது என்று வேலைக்கு எடுத்தார்கள்; கண் போன பிறகு முழங்காலைக் கேட்கிறார்கள் என்று வீட்டில் வந்து சொன்னாள். கணவர் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள்.

இப்படித்தான் அவளுக்கு ஒரு டேப்லெட்டும், வெயிலுக்கு ஒரு தொப்பியும் கொடுத்தார்கள். தினமும் காலையில் ‘அது’ கேள்விகளை அனுப்பும். இந்தக் கட்டடம் இருக்கிறதா? இந்தப் பாதை வண்டி போகிற பாதையா? அவள் போய்ப் பார்த்து, படம் எடுத்து, பதில் போடுவாள். பிச்சைக்காரியோ என்று ஒரு வீட்டில் சில்லறை கொண்டுவந்தார்கள். இன்னொரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

ஒரு நாள் கேள்வி அந்த இடத்திலிருந்து வந்தது. போன வாரம் பெய்த சின்ன மழைக்கு, மேட்டுக்கு இந்தப் பக்கம் காலி மனையில் தண்ணீர் வடியாமல் நிற்கிறது. படப்படி வடிந்திருக்க வேண்டும். மதகு திறந்திருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா? இரண்டில் ஒன்றைத் தொட வேண்டும்.

காலி மனை அவள் தெருக்கோடியில்தான் இருக்கிறது. அங்கே தண்ணீர் நிற்பதை அவளும் பார்த்திருந்தாள். கொசு கூடிவிட்டது என்று தெருவே புலம்பியது. குப்பை அடைத்திருக்கும் என்று நினைத்தாள். அதற்கு மேல் நினைக்க அவளுக்கு நேரமும் இல்லை, மனதும் இல்லை. அவ்வளவு நாள் தொட்டும் தொடாமல் ஒதுங்கியிருந்த இடத்துக்கு இப்போது சம்பளம் கொடுத்து அனுப்புகிறார்கள்.

மேட்டில் ஏறி, சாலையைக் கடந்து, மறுபக்கம் இறங்கினாள். புதரை வெட்டிச் சுத்தம் செய்திருந்தார்கள். மதகின் வாய் இருந்த இடத்தில் சுவர். செங்கல் வைத்து, சிமெண்ட் பூசி, ஓரமெல்லாம் மழமழவென்று தேய்த்து விட்டிருந்தது. திருட்டுத்தனமாகச் செய்கிற வேலை என்றால் அள்ளி அப்பிவிட்டுப் போவார்கள். இது அப்படி இல்லை. மூலைகளைக் கூராக விடாமல், விரலால் வழித்து வளைவாக இறக்கியிருந்தது. கூராக விட்டால் உதிர்ந்துவிடும் என்று அண்ணன் சொல்வான். அவள் வீட்டுச் சமையலறையில் அவன் பூசிக் கொடுத்த மூலைகள் இப்படித்தான் இருக்கும்.

சுவரைத் தடவிப் பார்த்தாள். கீழேயே ஒரு கல்லில் உட்கார்ந்து போனை எடுத்தாள். எடுக்க மாட்டான் என்று நினைத்தாள். எடுத்தான். பின்னால் கலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“சொல்லு.”

“மேட்டடியில நிக்கறேண்ணா.”

“பார்த்துட்டியா?”

“பார்த்துட்டேன்.”

“எப்படி இருக்கு?”

கோபத்தோடு பேச ஆரம்பித்தவள் அந்தக் கேள்விக்குச் சுவரை மறுபடி பார்த்தாள். “நல்லாத்தான் கட்டியிருக்க” என்றாள்.

“உள்ள கம்பி குடுத்திருக்கேன். லாரி முட்டினாலும் அசையாது. நீதானே சொன்ன, மதகு இல்லன்னா எங்க பக்கம் வராதுன்னு. இனிமே எங்க தெரு நீலம் போயிடும் இல்ல?”

“போயிடும்.”

“அப்பாடா.” அவன் மூச்சு விடுவது கேட்டது. “சரிம்மா, இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. அண்ணி கேட்டுக்கிட்டே இருக்கா. கோவத்துல ஏதேதோ பேசிட்டேன். மனசுல வச்சுக்காத. அவரையும் கூட்டிக்கிட்டு வா.”

இத்தனை மாதமாக அவள் காத்திருந்தது இந்த வார்த்தைக்குத்தான். வரேண்ணா என்று சொல்லிவிட்டு, ‘அடைபட்டிருக்கிறது’ என்று தொட்டுவிட்டு, எழுந்து போய்விடலாம். பொய்கூட இல்லை. மதகு அடைபட்டுத்தான் இருக்கிறது. மேட்டுக்கு அந்தப் பக்கம் போகிற வழி மறுபடி திறந்துவிடும். அவளுக்கு அப்படியே செய்துவிடலாம் என்று இருந்தது.

“அண்ணா, நீ அடைச்ச தண்ணி எங்க போகும்?”

“எங்க போகும்? மேட்டுக்கு அந்தப் பக்கமே நின்னு காஞ்சிடும்.”

“அந்தப் பக்கம் யார் வீடு இருக்கு?”

கலவை மெஷின் சத்தம் மெல்ல மெல்ல விலகியது. அவன் நடந்து தள்ளிப் போகிறான் என்று தெரிந்தது.

“உன் வீடு மேட்டாங்கரையிலதானேம்மா இருக்கு?”

“பார்த்தா மேடு மாதிரி இருக்கும். அளந்தா பள்ளம். நான் வெட்டு போடறதுக்கு முன்னாடி எங்க தெருவுலதான் இடுப்பளவு நீலம்.”

“இதை அன்னைக்கே ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப? உன் வீட்டக் காப்பாத்திக்க என் வீட்ட முழுக வச்சியான்னு கேட்டிருப்ப.”

“கேட்டிருப்பேன்” என்றான்.

மேலே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு லாரிக்கும் அவள் உட்கார்ந்திருந்த கல் லேசாக அதிர்ந்தது.

“ஒண்ணு செய்,” என்றான். “படத்துல அது திறந்தே இருக்கற மாதிரி போட்டுடு. நீலம் எங்க மேலயே இருக்கட்டும். மாடி இல்லாட்டிப் போகுது. பசங்கள வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக் குடி வச்சுடறேன். உன் தெரு நல்லா இருக்கட்டும்.”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடம் கட்டிய வீட்டின் மாடியை ஒரு நொடியில் தூக்கிக் கொடுக்கிறான். ஆனால் கொடுப்பது வெறும் நிறத்தை. அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

“நீலம் உங்க பக்கம் இருந்தாலும் தண்ணி எங்க பக்கம்தான் வரும்ணா. எங்களுக்கு வண்டிகூட வராது.”

“உடைக்கறதுன்னா... நான் ஒருத்தன் கட்டல. தெருவே கூட நின்னுச்சு. தரகர் சிமெண்ட் வாங்கிக் குடுத்தாரு, பொம்பளைங்க கல்லு எடுத்துக் குடுத்தாங்க. இப்ப நானே போய் உடைச்சேன்னு வச்சுக்க, அந்தத் தெருவுல நான் குடியிருக்க முடியாது.”

“தெரியும்ணா.”

“அப்ப ஒண்ணு செய்யறேன். நாளைக்கே உன் வீட்டுக்கு வரேன். வாசப்படிய ஏத்தி, முன்னாடி ஒரு சுவர் வச்சுத் தர்றேன். பின்பக்கமும் அடைச்சுடறேன். உன் வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வராது. அதுக்கு நான் கேரண்டி.”

“பக்கத்து வீட்டுக்கு?”

கலவை மெஷின் சத்தம் மறுபடி பக்கத்தில் கேட்டது.

“அதுக்கும் பக்கத்து வீட்டுக்கு?”

“என்ன எழுதணுமோ எழுதிக்கோ,” என்றான். போன் நின்றுவிட்டது.

கோபத்தில் சொன்னானா, எழுது என்று அனுமதி கொடுத்துச் சொன்னானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. திரும்பக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால் அவன் என்ன சொல்வான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. போனைப் பைக்குள் போட்டாள்.

பிறகு டேப்லெட்டைத் திறந்து, ‘அடைபட்டிருக்கிறது’ என்பதைத் தொட்டாள். அதற்குக் கீழே குறிப்பு எழுத ஓர் இடம் இருந்தது. பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. எழுதினாள். மதகைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள், மழைக்கு முன் உடைத்துத் திறக்க வேண்டும். சுவரைப் படம் எடுத்துச் சேர்த்து அனுப்பினாள். யார் அடைத்தது என்று எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. உடைக்க வருகிறவர்கள் தெருவில் கேட்பார்கள். இவ்வளவு சுத்தமாகக் கட்டத் தெரிந்தவன் அந்தத் தெருவில் ஒருத்தன்தான்.